பதினேழாவது கேள்வி

“படிக்காமல் டிக் போடுகிறவனைவிடக் கொலைகாரன் மேல். கொலைகாரனாவது செய்கிற காரியத்தில் கவனமாக இருக்கிறான்.”

லாக்லன் ட்ரெஸ்காட் இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. உளவியல் ஆய்வுமுறைகளை எடைபோடும் அவனுடைய முனைவர் பட்ட ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் இந்த வரியோடுதான் தொடங்கியது. வழிகாட்டிப் பேராசிரியை அதை இரண்டு முறை அடித்து நீக்கினார். இரண்டு முறையும் திரும்ப எழுதிவிட்டான்.

இப்போது அதையே எதிரில் இருந்த முதலாண்டு மாணவி மேவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். ஜூன் மாதத்துக் குளிர்கால வெள்ளிக்கிழமை, மணி நாலே கால். தீவுத் துறைமுகமான டெவன்போர்ட்டில் மூன்று நாளாக மழை. அறையின் ஹீட்டர் புதன்கிழமையே உயிரை விட்டிருந்தது. மேசையில் தொண்ணூற்றிரண்டு விடைத்தாள்கள், திருத்தி முடித்தது அறுபது. எல்லாவற்றிலும் ஒரே கேள்வி: ‘வினாத்தாள் வழி ஆய்வின் நிறைகுறைகளை மதிப்பிடுக.’

“கொலைகாரன் கதை இருக்கட்டும். என்னோட ஒரு மணி நேரத்த ஏன் வெட்டினீங்க, லாக்லன்?” மேவ் கொட்டாவியை அடக்கினாள். விடியற்காலை மூன்று மணிக்கே பேக்கரியில் வேலைக்கு நின்றவள்.

முதலாண்டுக்காரர்கள் மற்றவர்களுடைய ஆய்வுகளில் பங்கேற்பாளராக மொத்தம் நாலு மணி நேரம் உட்கார்ந்தால்தான் இந்தப் பாடத்தில் தேர்ச்சி. அவளிடம் மூன்று இருந்தது. நாலாவது, லாக்லனுடைய ஆய்வு. ஐந்து மணிக்குப் பட்டியல் மூடிவிடும்.

“பதினேழாவது கேள்வி” என்றான்.

தூக்கத்தைப் பற்றிய நாற்பது கேள்விகளுக்கு நடுவே அவன் புதைத்து வைத்திருந்த பொறி அது. ‘கடந்த பன்னிரண்டு மாதங்களில் துடுப்புப் போட்டு பாஸ் நீரிணையைக் கடந்திருக்கிறேன்.’ பெருநிலத்துக்கும் இந்தத் தீவுக்கும் நடுவே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கும் கொந்தளிக்கிற கடல் அது. படிக்கிறவன் ‘இல்லை’ என்பான். ‘ஆம்’, ‘ஆம்’ என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறவன் விழுவான்.

“பதினாலு பேர் விழுந்தீங்க. பதிமூணு பேர் வந்து, ‘சாரி, ஃபோன் பார்த்துக்கிட்டே தட்டிட்டேன்’னு தலையைச் சொறிஞ்சுட்டுப் போயிட்டாங்க. நீ ஒருத்திதான் சண்டைக்கு வந்திருக்க.”

“நான் படிச்சுத்தான் போட்டேன். அது வந்து...”

“அது இன்னும் மோசம், தாயே. அப்ப நீ கவனமில்லாதவ இல்ல, புளுகுணி.” பேசிக்கொண்டே அறுபத்தோராவது விடைத்தாளின் நாலு பக்கத்திலும் வரிசையாக டிக் போட்டு ஓரமாக வைத்தான்.

“சும்மா கேக்கறேன். அந்தக் கேள்வி சரியான கேள்விதானான்னு யாராவது சோதிச்சுப் பார்த்தீங்களா?”

“நானே சோதிச்சேன்.”

“எப்படி?”

“கப்பல்ல.”

அந்தக் கடலை லாக்லன் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை கடந்திருக்கிறான்; ஆயிரம் பேர் ஏறும் கப்பலில், வழி முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டு. துடுப்பெல்லாம் மனிதனால் ஆகாது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டான். அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்கள் மொத்தம் ஒருவர்.

மேவ் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இந்தப் பாடம் போச்சுன்னா அடுத்த வருஷம் மொதல்லேர்ந்து வரணும். பேக்கரியையும் பார்த்துக்கிட்டு என்னால முடியாது. படிப்பையே விட்டுட வேண்டியதுதான்.”

“மார்ச்சுல மொத ரெண்டு வாரம் வகுப்புப் பக்கமே வரலையே நீ. அப்பத் தெரியலையா இதெல்லாம்?”

“காத்து சரியில்ல. வந்து சேர லேட்டாயிடுச்சு.”

“ரெண்டு வாரமா விமானத்தை நிறுத்தி வச்சிருந்தாங்களா? நல்லா இருக்கு. சாக்குல கூட ஒரு புதுமை.”

மேவ் பையிலிருந்து, கிளிப் போட்ட மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள். உள்ளங்கை முழுக்கக் காய்ப்புக் காய்த்துக் கிடந்தது. ரொட்டி மாவு பிசைந்தால் கை இப்படியா ஆகும், பாவம் என்று லாக்லன் ஒரு கணம் இரக்கப்பட்டான்.

“மேல்முறையீட்டுப் படிவம். நடந்ததெல்லாம் இதுல எழுதியிருக்கேன். படிச்சுட்டு, ஏத்துக்கறீங்களா இல்லையான்னு குறிச்சாப் போதும். மெதுவாவே படிங்க, நான் காத்திருக்கேன்.”

முதல் பக்கத்தைப் பார்த்தான். பொடி எழுத்து, விளிம்பு வரைக்கும் நெருக்கி நெருக்கி. கடிகாரத்தைப் பார்த்தான். மிச்சமிருந்த முப்பத்தொரு விடைத்தாள்களைப் பார்த்தான். அவையும் அவனைப் பார்த்தன.

கண் எரிந்தது. தாள்களை ஒரு பிடியாகப் புரட்டி, மூன்றாம் பக்கத்தின் அடிக்குப் போனான். ‘விளக்கத்தை முழுமையாகப் படித்தேன்’ என்றொரு கட்டம். டிக். ‘விளக்கம் ஏற்கத்தக்கதல்ல’ என்றொரு கட்டம். அதற்கும் ஒரு டிக். கீழே கையெழுத்து, தேதி.

“படிச்சீங்களா?”

“அதான் டிக் போட்டிருக்கேனே.”

மேவ் தாள்களை வாங்கினாள். டிக் இருந்த இடத்தைப் பொறுமையாகப் பார்த்தாள். இன்னொரு கொட்டாவி வந்தது. இந்த முறை அடக்காமல், முழுசாக விட்டு முடித்தாள். பிறகு கேட்டாள்:

“ரெண்டாம் பக்கத்துல ஒட்டியிருக்கிற போட்டோல, என் படகு என்ன கலர்?”