மாப்பிள்ளை வீட்டு ரேடியேட்டர்

"ஏங்க, ஜெபிஷா வீட்டு ரேடியேட்டர் சரியா வேலை செய்யலையாம். என்னன்னு கொஞ்சம் கேளுங்க."

ஞானஜோதி நீட்டிய போனைப் பொன்ராஜ் ஏறிட்டும் பார்க்கவில்லை. விருதுநகர் பைபாஸில் லாரி ரேடியேட்டர் பட்டறை நடத்துபவர் அவர். தீபாவளி சீசன் வேறு. சிவகாசிக்கு லோடு ஏற்றப் போகும் லாரிகள் பட்டறை முன்னால் வரிசைகட்டி நின்றன.

"எந்த வண்டி?"

"வண்டி இல்லீங்க. ஸ்காட்லாந்துல குளிருக்காக வீட்டுச் சுவத்துல மாட்டி, உள்ள வெந்நி ஓட விடுவாகளாம். பாதிதான் சுடுதாம். மசக்கைக்காரப் பிள்ள குளிர்ல நடுங்குதாம்."

பொன்ராஜின் கை நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் ரெஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்ட மகளிடம் ஏதோ ஒன்றிரண்டு வார்த்தை பேசுவார். மருமகன் ஹரிஷ்குமாரிடம் அதுவும் கிடையாது. "அப்பா அவர்கிட்ட வான்னு சொன்னாத்தான் கிறிஸ்துமஸுக்கு வருவோம்" என்று ஜெபிஷா கறாராகச் சொல்லிவிட்டாள். ஞானஜோதிக்கு அந்தக் கவலையில் தூக்கமே போயிருந்தது.

பொன்ராஜ் போனை வாங்கினார். திரையில் மகள் இல்லை, மருமகன்தான் நின்றான்.

"வணக்கம் மாமா. கீழ நல்லாச் சுடுது. மேல சில்லுன்னு இருக்கு."

வெடுக்கென்று வைத்துவிடுவாரோ? ஞானஜோதி இன்னும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

"தண்ணி கொறஞ்சிருக்கா?" என்றார் பொன்ராஜ், சுவரைப் பார்த்தபடி.

"இல்ல மாமா."

"ஃபேன் பெல்ட்?"

"இதுல ஃபேனே கிடையாது மாமா."

"ஃபேன் இல்லாம அது என்னய்யா ரேடியேட்டர்?"

ஞானஜோதி சிரிப்பை முந்தானைக்குள் அமுக்கினாள்.

"அப்ப மேல காத்து அடைச்சிருக்கு. ஏர் எடுக்கணும். ஹீட்டர அமத்தியாச்சா?"

"அப்பவே அமத்திட்டேன் மாமா."

"மேல ஓரத்துல ஒரு திருகாணி இருக்கும். லேசாத் திருப்பு."

உஸ்ஸென்று காற்று சீறியது.

"ஏலே, விலகி நில்லு, மூஞ்சில அடிச்சிரும்! துணிய வச்சுப் பிடி. தண்ணி சொட்டுதா? இறுக்கு, இறுக்கு. போதும் மாப்ள!"

மாப்ளயாம்! ஞானஜோதிக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

ஹீட்டரைத் திரும்பப் போட்ட சற்று நேரத்தில் ஹரிஷ்குமார் கத்தினான். "மேல வரைக்கும் சுடுது மாமா!"

"சுடாம எங்க போகும்? கிறிஸ்துமஸுக்கு ரெண்டு பேரும் கெளம்பி வாங்க. அம்புட்டுத்தான்."

போன் அணைந்ததும் ஞானஜோதி ஒன்றும் அறியாதவளாகச் சொன்னாள். "நல்லவேளை, நீங்க இருந்தீக. பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியல."

"ஏட்டி, மருமகன் அங்கன வீடு வீடாப் போயி ரேடியேட்டர் ரிப்பேர் பாக்குற ஆளுன்னு எனக்குத் தெரியாதா?"

ஞானஜோதிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தெரிஞ்சுமா இம்புட்டு நேரம் சொல்லிக் குடுத்தீக?"

"பின்ன? என்னைய மாதிரி வீம்பு புடிச்சவனுக்கு வாயத் தொறக்க ஒரு சாக்கு வேணாமா? அம்மாவும் மகளும் போன வருசமே அந்த ரேடியேட்டரக் கெடுத்திருக்கக் கூடாதா!"