இரண்டு பூட்டுத் தேவாலயம்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

கதவைத் திறக்கக் கூப்பிட்ட பூட்டுக்காரர் போய்ச் சேர்ந்தபோது தேவாலயக் கதவில் இரண்டு பூட்டுகள் தொங்கின. ஒன்று செயலாளர் கோஷ்டி போட்டது. மற்றது அவருடைய தங்கை கணவரான பொருளாளரின் கோஷ்டி போட்டது. மூன்று வருஷமாக ஆளுக்கொரு வாடகை ஹாலில் ஆராதனை.

வாசலில் வெயிலில் ஒரு சவப்பெட்டி. பக்கத்தில் இறந்தவரின் மனைவி. தன்னை உள்ளே வைத்து ஜெபித்த பிறகே அடக்கம் செய்ய வேண்டும் என்பது இறந்தவரின் கடைசி ஆசை.

"மாப்ளயோட பூட்டை உடைங்க. எங்க பூட்டுல கை வைக்கக் கூடாது" என்றார் செயலாளர்.

"மச்சான் பூட்டுதான் முதல்ல" என்றார் பொருளாளர்.

பூட்டுக்காரருக்குத் தலை சுற்றியது. "சர்ச் யாருதுங்க?"

"கர்த்தருடையது" என்றார் பெட்டியருகே வேதாகமத்தோடு நின்ற போதகர். "ஆனா இவங்க ரெண்டு பேரும் சம்மதிக்கணும்."

அந்த அம்மாள் நிமிர்ந்தாள். "சபைன்னா கட்டடம் இல்ல, நாமதான்னு சொன்னீங்களே பாஸ்டர்?"

"அது பிரசங்கம்மா."

பெட்டியின் மேல் ஈ மொய்த்தது. பூட்டுக்காரர் சுத்தியலை எடுத்தார். யாரையும் கேட்காமல் இரண்டு பூட்டையும் உடைத்தார்.

"கேஸ் போடுவோம்" என்று மூன்று வருஷத்தில் முதல் தடவையாக இரு கோஷ்டியினரும் சேர்ந்து சொன்னார்கள்.

கதவைத் தள்ளிப் பெட்டியை உள்ளே தூக்கிப் போனார்கள். பலிபீடத்தருகே படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்த ஆடுகள் எழுந்து வழிவிட்டன.

பின்சுவர் இடிந்து விழுந்து இரண்டு மழைக்காலம் ஆகியிருந்தது.