கொடியில் நாலு துணி

“மாமா, இன்னைக்கு உங்களை வயிறு வலிக்கச் சிரிக்க வைக்கப் போறேன். ஆனா இப்ப இல்லை” என்றாள் மஞ்சுஷா.

“பின்னே எப்ப?”

“முதல்ல சாயா குடிங்க.”

சங்கரலிங்கம் சந்தேகத்தோடு சாயாவை ஊதினார். சந்தேகப்படக் காரணம் உண்டு. மஞ்சுஷா படிப்பது ப்ளஸ் ஒன். ஆனால் கேட்ட குரலையெல்லாம் தொண்டைக்குள் பிடித்து வைத்திருக்கும் குட்டிப் பிசாசு. போன வாரம் அவருடைய குரலிலேயே அவர் பெண்டாட்டிக்குப் போன் போட்டு, “கற்பகம், ராத்திரிக்கு உப்புமா வேண்டாம், கோழி வை” என்று சொன்னவள். கற்பகம் வைத்துவிட்டாள். புருஷனும் சத்தம் காட்டாமல் சாப்பிட்டுவிட்டார்.

“குடிச்சாச்சு. சொல்லு.”

“அக்கா லெட்டர்ல எப்ப கையெழுத்துப் போடுவீங்க?”

“இதுவா சிரிப்பு?”

சாயா கசந்தது. கொச்சியில் மட்டாஞ்சேரிப் பக்கத்துச் சலவைத்துறையான தோபிகானாவில் நாற்பது வருஷமாகத் துவைக்கிறவர் அவர். அங்கே உள்ள தமிழ்க் குடும்பங்களின் சங்கத்துக்குச் செயலாளரும் அவர்தான். மூன்று நாளைக்கு முன் பள்ளுருத்தி பஸ்ஸில் ஒருத்தன் தப்பாகக் கை வைக்க, மஞ்சுஷாவின் அக்கா செல்வலட்சுமி அவன் காலரைப் பிடித்து பஸ்ஸையே நிறுத்திவிட்டாள். போலீஸில் புகார் கொடுக்கப் போகிறாள். கூட நிற்கச் சங்கம் வேண்டும், சங்கத்தின் லெட்டர் வேண்டும் என்கிறாள். லெட்டர் எழுதித் தயார். செயலாளரின் பேனாதான் மூடியைத் திறக்கவில்லை.

“அன்னைக்கு என்ன உடுத்தியிருந்தான்னு உங்கக்காவை முதல்ல சொல்லச் சொல்லு. நான் துணியைப் பார்த்து ஆளைச் சொல்றவன், கேட்டியா? ஒழுங்கா உடுத்தினவ மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான்.”

“அப்படியா? வாங்க.”

கொடிக்குக் கூட்டிப் போனாள். முறுக்குக் கயிற்றில் நாலு துணி தொங்கின. சிவப்பில் ஜிகினா வைத்த, கையில்லாத நீளக் கவுன் ஒன்று. நீல ஓவர்கோட் ஒன்று. ஸ்கூல் யூனிபார்ம். பழைய கத்திரிப்பூ கலர் நூல் சேலை.

மஞ்சுஷா டி.வி. குரலுக்கு மாறினாள். “நேயர்களே! இதுல ஒண்ணு அன்னைக்கு அக்கா போட்டிருந்தது. சரியாச் சொன்னா லெட்டரைக் கிழிச்சுக் கடல்ல போட்டுடறோம், அக்காவே சம்மதிச்சாச்சு. தப்பாச் சொன்னா... கையெழுத்து!”

இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“இதெல்லாம் ஒரு போட்டியா?” சங்கரலிங்கம் யோசிக்கவே இல்லை. சிவப்புக் கவுனை வெடுக்கென்று உருவினார். “இதோ! இதைப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினா எவன் சும்மா இருப்பான்?”

“ஓரத்துல மார்க்கைப் பாருங்க மாமா.”

வீட்டுக்கு வீடு வாங்கி வருகிற துணி கலந்துவிடாமல் இருக்க ஓரத்தில் மையால் ஒரு மார்க் போடுவது வழக்கம். எல்லா வீட்டு மார்க்கும் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். முக்கோணம், கீழே ரெண்டு புள்ளி.

“அய்யய்யோ... நாடகக்காரன் பினுவோடதா?”

“பினு சேட்டனேதான். நாடகத்துல ராணி வேஷம்!”

தோபிகானாவே கொல்லென்று சிரித்தது. சங்கரலிங்கமும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “போடீ போக்கிரி. இதுதான் நீ சொன்ன சிரிப்பா?”

“இது இல்லை மாமா. இந்த நாலுல எவனும் கை வைக்காத துணி அது ஒண்ணுதான்.”

“அப்போ மத்தது?”

“நீலக்கோட்டு அக்காவோடது. ஆஸ்பத்திரியில கூட்டித் துடைக்கப் போட்டுக்கிற யூனிபார்ம். கழுத்துலருந்து முட்டி வரை பட்டன். எண்ணிப் பாருங்க.”

அவர் எண்ணவில்லை.

“ஸ்கூல் யூனிபார்ம் ஒரு எட்டாங்கிளாஸ் பொண்ணோடது. வைப்பின் போற படகுல நடந்தது. தொங்க விடு, ஆனா யாருன்னு தெரிய வேண்டாம்னு சொன்னா. அதான் மார்க்கை மடிச்சுத் தைச்சிருக்கேன்.” சொல்லிவிட்டு அச்சு அசலாக அவர் குரலிலேயே கனைத்தாள். “ஒழுங்கா உடுத்தினவ மேல ஒருத்தனும் கை வைக்க மாட்டான், கேட்டியா?”

“இதுதான் மாமா நான் சொன்ன சிரிப்பு” என்றாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

சங்கரலிங்கம் சேலைப் பக்கம் திரும்பினார். “இது யாரோ பெரிய மனுஷி கட்டின சேலை மாதிரில்ல இருக்கு. இதுக்குமா?”

“திருப்பூணித்துறைக் கோயிலுக்குப் போயிட்டு பஸ்ஸுல திரும்பறப்ப. ஆறு வருஷமாச்சு. வீட்டுக்கு வந்து அவுத்து வச்சவங்க அப்புறம் கட்டவே இல்லை.”

“பாவம். யாரு?”

முந்தியின் ஓரத்தைத் திருப்பினார். மார்க் இல்லை. அடுத்த ஓரத்தைத் திருப்பினார். நாலு மூலையும் பார்த்தார்.

“மார்க் எங்கடீ? இதையும் தைச்சிட்டியா?”

“இல்லை மாமா. இதுல போடவே இல்லை.”

வெளித் துணிக்குத்தான் மார்க். சொந்த வீட்டுத் துணிக்கு அங்கே யாரும் மார்க் போடுவதில்லை.

“அப்போ நம்ம ஆளுங்கதான். உங்கம்மாவோடதா?”

மஞ்சுஷா தலையசைத்தாள், இல்லையென்று.

பக்கத்துத் தொட்டியில் துணியைக் கஞ்சியில் முக்கிக்கொண்டிருந்த கற்பகம் நிமிராமல் சொன்னாள். “நான்தான் காலையில கொண்டாந்து தொங்க விட்டேன்.”

சங்கரலிங்கம் சேலையை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“ஆறு வருஷமா என்கிட்ட நீ ஏன் சொல்ல...”

கேள்வியை முடிக்காமல், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.