சேஷகிரியின் மூன்றாவது ஸ்கேன்

மூன்று வருடமாக வயிற்று வலி. சளியும் ரத்தமுமாய்ப் போய், கக்கூஸைப் பார்த்தாலே சேஷகிரிக்குக் குமட்டியது. கொல்கத்தா கரியாஹாட்டில் எடுத்த முதல் ஸ்கேனில் குடலுக்குள் ஒரு மீன் முள் தெரிந்தது. அவர் பிறந்ததிலிருந்தே சைவம்.

"கொல்கத்தாவுல மீன் திங்காதவங்க யாரு தாதா?" என்று வங்காளி டாக்டர் சிரித்தார்.

மனைவி மைதிலியும் நம்பவில்லை. "ஏப்பம் விட்டா கவுச்சி நாறறது. ஆபீஸ் கேன்டீன்ல தின்னுட்டு வரேளா?" என்று தட்டோடு அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது ஸ்கேனில் வால் வரை முழு எலும்புக்கூடும் இருந்தது. இன்று மூன்றாவதில் அந்த எலும்புக்கூட்டில் சதை பிடித்திருந்தது. டாக்டர் சிரிக்கவில்லை.

"நெஜத்தைச் சொல்லுங்க. எப்ப சாப்பிட்டீங்க?"

"சத்தியமா நான் மீனே தொட்டதில்ல, டாக்டர்."

சேஷகிரி சொல்லச் சொல்ல, ஸ்கேன் திரையில் அந்த மீனும் வாயைத் திறந்து திறந்து மூடியது.