சாத்தூர் வந்தாச்சு

சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு நாற்பது நிமிடத்தில் போய்விடலாம் என்றான பிறகு, ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டு போவதே நின்றுபோனது. ஆனால் வீட்டில் தூக்கம் வராதவர்கள் இருக்கத்தானே செய்தார்கள். அவர்களுக்காக எழும்பூரில் ஒரு படுக்கைப் பெட்டி, எங்கும் போகாமல், இரவெல்லாம் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

பெட்டி உதவியாளன் இருதயராஜிடம் சொர்ணத்தாய் அம்மாள் தினமும் சொல்வது ஒன்றுதான். “தம்பி, கோவில்பட்டி வந்தா எழுப்பி விட்டுருங்க.” அங்கே அவருக்கு இப்போது யாரும் இல்லை. காலை ஐந்தரைக்கு, தன் வேலை முடியும் நேரத்தில், இருதயராஜ் எழுப்புவான். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழும்பூரிலேயே இறங்கி, தனியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

இன்று அவனுக்கு வாய் தவறிவிட்டது. “அம்மா, எந்திரிங்க. சாத்தூர் வந்தாச்சு.”

கண்ணைத் திறக்காமலே அவர் சொன்னார்: “கோவில்பட்டிக்கு இன்னும் இருவது நிமிஷம் கெடக்கே தம்பி. அதுக்குள்ள என்ன அவசரம்?” போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

அவனுக்கு ஓர் அவசரமும் இல்லை. அறைக்குப் போனால் வந்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. எதிர்ப் படுக்கையில் உட்கார்ந்து, கோவில்பட்டி வருவதற்காகக் காத்திருந்தான்.