முதலில் தூக்கிய கை

"உங்கடை மனிசன்தான் அக்கா முதல் கை தூக்கினவர்!"

பக்கத்து வீட்டு மரியரஞ்சனி வாசலில் நின்றபடியே சொன்னாள். குளிர்தேசத்தின் காட்டோரமான மோர்டென்ஸ்ருட்டில், வரிசைவீட்டுக்காரரின் கூட்டம் முடிந்து நேரே இங்கேதான் ஓடி வந்திருந்தாள்.

"எதுக்கு?" என்றாள் செல்வமலர்.

"எல்க் சுடுறதுக்கு! இனி எங்கடை காட்டிலையும் வேட்டைக் காலமாம். செப்டெம்பர் கடைசியிலை துவங்குதாம். நகரசபை ஆள் வந்து கேட்க ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. அண்ணை பட்டெண்டு கையைத் தூக்கிப்போட்டார்."

செல்வமலரின் கண் பின்கதவுக்கு ஓடியது.

எல்க் என்றால் குதிரையை விட உயரமான காட்டுமான். மகள் துஷ்யா படிக்கவென்று துரொண்ட்ஹெய்முக்குப் போன மாரியில்தான் அது முதல்முதல் வந்தது. விடியற்காலை, பின்கதவுக்கு வெளியே, பனிப்புகாருக்குள் புகாராக நின்றது. கனவென்றே நினைத்துக் கதவைத் திறந்தாள். கனவு மூச்சு விட்டது.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பொங்கலில் ஒரு கை அள்ளி, பசுவுக்குக் கொடுப்பது மாதிரி நீட்டினாள். நக்கித் தின்றது. பிறகென்ன, வாழைப்பழத்தோல், பூசணிக்காய், மிஞ்சின சோறு என்று தினமும் விருந்துதான். "வா பிள்ளை" என்றால் போதும், மரங்களுக்குள்ளிருந்து ஆடி அசைந்து வந்துவிடும். மகள் இல்லாத வீட்டில் 'பிள்ளை' என்று கூப்பிட அது ஒன்றாவது இருந்ததே!

"உதுக்குச் சாப்பாடு வையாதையும்" என்று புருஷன் அருட்செல்வம் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டது?

இப்போது அந்த மனிசன் வீட்டுக்குள் வந்தார்.

"கோயில்லை தேவாரம் பாடுற ஆள், வாயில்லாச் சீவனைக் கொல்லக் கை தூக்கினனீங்களோ?"

அருட்செல்வம் குனிந்து கால் சப்பாத்தைக் கழற்றினார். "ஓம்" என்றார்.

அதோடு விட்டாரா? அடுத்த கிழமையே தோளில் ஒரு நீளப் பையைக் கொழுவிக்கொண்டு, வேலைக்குப் போக முதல் காட்டுக்குள் போகத் தொடங்கிவிட்டார். குறொன்லாண்ட் தமிழ்க்கடைக்குப் போனால் ஒரே பகிடி.

"என்ன அண்ணை, சுட்டுப் பழகிறீங்களாம். இறைச்சியிலை எங்களுக்கும் பங்கு உண்டோ?"

சிரித்துவிட்டு வெண்டிக்காயைத் தெரிந்தெடுப்பார்.

செல்வமலர் அவரோடு கதைப்பதையே விட்டாள். தேத்தண்ணியை மேசையில் 'டக்'கென்று வைப்பதோடு சரி. மாதா பெருநாளுக்கென்று வாங்கிப்போன அலுமினியச் சருவச்சட்டியை மரியரஞ்சனி திருப்பித் தரவில்லை என்ற எரிச்சல் வேறு. அவளோ, "தந்திட்டன் அக்கா, மாதா மேலை ஆணை!" என்று நின்றாள்.

கோடை போகப் போக எல்க் வருவது குறைந்தது. செல்வமலர் பூசணித் துண்டோடு பின்படியில் நின்று, "வா பிள்ளை, வா" என்பாள். காட்டோரம் புகார் அசையும். நீண்ட முகம் ஒன்று தெரியும். அவளைப் பார்க்கும், பிறகு திரும்பிப் போய்விடும். தான் இன்னும் நித்திரையிலோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருக்கும். ஆனால் கன்னத்தில் வழிந்த கண்ணீர் சுட்டது.

"கொப்பரின்ரை துவக்குக்குப் பயந்திட்டுது" என்று மகளிடம் ரெலிபோனில் அழுதாள்.

செப்டெம்பர் கடைசி வந்தது. செம்மஞ்சள் தொப்பிக்காரர் நாய்களோடு காட்டுக்குள் இறங்கினார்கள். செல்வமலர் விளக்கேற்றி சாமிப்படத்துக்கு முன்னால் இருந்துவிட்டாள். எங்கேயாவது கார்க் கதவு அடித்துச் சாத்தினாலும் எழும்பி யன்னலுக்கு ஓடினாள். வெடிச் சத்தம் மட்டும் கேட்கவேயில்லை. ஒக்டோபர் முழுக்கக் கேட்கவில்லை.

வேட்டைக் காலம் முடிந்த அன்று மரியரஞ்சனி மூச்சு வாங்க வந்தாள்.

"வெறுங்கையோடை போறாங்கள் அக்கா! மனிச வாடை பட்டாலே மலைக்கு அங்காலை பாயுதாம். இப்பிடி வெருளுற எல்க்கைத் தாங்கள் கண்டதே இல்லையாம்!"

செல்வமலருக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அந்தக் கையோடு கோபமும் வந்தது. 'இனி இந்த வீட்டில் துவக்கு இருக்கக்கூடாது' என்று கதவு மூலையில் கிடந்த நீளப் பையை இழுத்துத் திறந்தாள்.

உள்ளே துவக்கு இல்லை. அவளுடைய சருவச்சட்டி இருந்தது. அடி முழுக்க நெளிவு. பக்கத்தில் ஒரு விறகுக்கட்டை.

"ஊர் வயல்லை காட்டுப்பண்டி கலைச்ச கை" என்றார் பின்னால் வந்து நின்ற அருட்செல்வம், வெட்கத்தோடு. "எல்க்கைக் கண்டவுடனை சட்டியிலை அடிச்சுக் கத்திக் கலைச்சன். பாவம், முதல்லை என்னட்டையும் தீன் கேட்டுத்தான் வந்தது."

"அப்ப ஏன் கை தூக்கினனீங்கள்?"

"வாசலுக்கு வாற எல்க் சின்னப் பிள்ளையளை மிதிச்சுப்போடுமெண்டு எல்லாருக்கும் பயம். நாளைக்கே சுடுறதோ, இல்லாட்டி வேட்டைக் காலம் வைச்சு அதுவரைக்கும் பொறுக்கிறதோ எண்டு கேட்டவங்கள். பொறுக்கிறதுக்குத்தான் கை தூக்கினனான். கோடை முழுக்கக் கிடைச்சுதெல்லே."

"இதை என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேயப்பா! இவ்வளவு நாளும் உங்களைக் கொலைகாரனெண்டு…"

அருட்செல்வம் பின்படியைப் பார்த்தார். அவள் கடைசியாக வைத்த பூசணித் துண்டு அங்கே அப்படியே கிடந்தது.

"சொல்லியிருந்தா, அது ஏன் மனிசருக்குப் பயமில்லாமல் போச்சுதெண்டு நீர் கேட்டிருப்பீர், மலர்."