மாலை போட்ட படம்

தொடரில் தன்னைக் கொன்ற இயக்குநரைக்கூடக் கனகவல்லி மன்னித்திருப்பாள். சண்டை போட்டுப் பாதியில் விலகும் நடிகை சுவரில் மாலை போட்ட படமாகத் தொங்குவது சின்னத்திரை வழக்கம்தான். ஆனால் இணையக் கலைக்களஞ்சியம் அந்தப் படத்தை நம்பி அவள் பக்கத்தில் ‘மறைந்த நடிகை’ என்று எழுதிவிட்டது. அது சொன்னால் ஊரே நம்பும் காலம். வங்கி முதல் வீட்டுக் கதவு வரை எதுவும் அவளுக்குத் திறக்கவில்லை.

திருத்தச் சொல்லி அந்த அலுவலகத்துக்கே போனாள். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டு, “தம்பி, நான் உயிரோடதான் இருக்கேன். கொஞ்சம் மாத்திக் குடுங்க” என்றாள்.

“செத்தவங்க சொல்றத ஆதாரமா எடுத்துக்க முடியாதும்மா. உங்க வீட்டுக்காரர் சொன்னா போதும்” என்ற ஊழியர், வெளியூரில் இருந்த அவள் கணவன் புகழேந்தியைத் தொலைபேசியில் பிடித்தார்.

“என்னங்க, நான்தான். தயவுசெஞ்சு இவர்கிட்ட சொல்லுங்க” என்றாள் கனகவல்லி.



“குரல் அவளோடதுதான் சார். ஆனா யாரோ நடிக்கிறாங்க” என்றான் புகழேந்தி. “என் பொண்டாட்டி வாயில ‘தயவுசெஞ்சு’ன்னு ஒருநாளும் வந்ததில்ல.”